கோத்தா திங்கியிலிருந்து மாமாவுக்கு



"மாப்பிள்ளை எப்போது ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்?" என்று உங்கள் மகளிடம் கேட்டிருந்தீர்களாம். மாப்பிள்ளை உட்கார்ந்தேதான் வேலை பார்க்கிறார். இருக்கைக்குக் கீழே நான்கு சக்கரம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடும் இந்த மாப்பிள்ளைக்குக் கச்சேரி முக்கால் மணி நேரம், வண்டியோட்டம் முக்கால் நாள். ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் போகும் சாலை கோத்தா திங்கி வழியாகத்தான் போகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி முன்னால் ஊர்ந்தால், பின்னால் வருகிறவர் ஆதிதாளத்தை மூன்று காலத்திலும் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் மகளுக்குக் கணக்கு வழக்கும் கைத்தாளமும். பேரன் ஆர்மோனியப் பெட்டிமேல் கால் நீட்டித் தூங்குவான். பேத்தி ஒவ்வொரு வளைவிலும், "லொம்போங் அருவி வந்துவிட்டதா?" என்பாள். அருவியைக் காட்டுவதாகச் சொல்லித்தானே அவளை வண்டியில் ஏற்றுகிறார்கள்!

பாட்டுக்குப் பஞ்சமில்லை. அழ. வள்ளியப்பா இருக்கிறார், இந்த மண்ணிலேயே, கேரித் தீவில் பிறந்த முரசு நெடுமாறன் இருக்கிறார். பஞ்சம் நாளுக்குத்தான். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகி, இந்த ஊர் அடுத்தடுத்து இரண்டு முறை மூழ்கியது. அந்த மாதங்களில் தேதி கொடுக்குமுன் ஆற்றையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

விடுமுறைக் கதை இன்னும் வேடிக்கை. 2014 தொடங்கி 2024 முடிய ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் சனியும் ஞாயிறும். இரண்டு கரையிலும் பாடுகிறவருக்கு வாரத்தில் மூன்று விடுமுறை நாள்! 2025 ஜனவரி முதல் தேதி ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. ஊருக்கு நிம்மதி, பாட்டுக்காரருக்கு வாரத்தில் ஒருநாள் நட்டம்.

குடும்பத்தோடு ஊர் சுற்றுவதுதான் உங்களுக்கு உறுத்துகிறது என்று தெரியும். நீங்கள் கொண்டாடும் நாடக நடிகர் அவ்வை சண்முகம் எப்படி வளர்ந்தார்? தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை நடிகர். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியில் பிள்ளைகளோடு சேர்ந்தார். அப்போது சண்முகத்துக்கு ஆறு வயது. 1925இல் அந்தக் குடும்பமே சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டது. முகாம் போடும் ஊரில் கம்பெனி வீடுதான் வீடு, பள்ளிக்கூடம், எல்லாம்.

அங்கே பிள்ளைகள் பாடப் பெரியவர்கள் கேட்டார்கள், இங்கே தலைகீழ். அந்தப் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட்டு வேடம் போய்விடும். நாற்பதைத் தாண்டிய மாப்பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. உடைய வேண்டியதெல்லாம் உடைந்தாகிவிட்டது. ரசிகர்கள்தான் பொல்லாதவர்கள். பாட்டு பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே "எப்போது முடியும்?" என்று கேட்பார்கள், எந்தச் சபா ரசிகருக்கு அந்தத் துணிச்சல் உண்டு?

வெள்ளைக்காரர்களும் இப்படித்தான். 1991இல் சிட்னியில் தொடங்கிய 'தி விகிள்ஸ்' என்ற சிறுவர் பாட்டுக் குழுவின் ஆந்தனி ஃபீல்ட் பாலர் கல்வி படித்தவர். ஒரு சகோதரர் பாட்டுக் கட்டினார், இன்னொருவர் நிர்வாகம் பார்த்தார், பின்னாளில் ஃபீல்டின் மகள் லூசியாவும் மேடையேறினாள். அவர்களுடைய டோரதி என்ற டைனோசர் ரோஜாப்பூ தின்னும் என்பதால் பிள்ளைகள் கச்சேரிக்கு ரோஜாவோடு வருகிறார்கள். இங்கே மாப்பிள்ளைக்குக் கிடைப்பது பாதி கடித்த கெரோப்போக். அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கொடுத்த பிள்ளை எதிரிலேயே நின்று, தின்கிறாரா என்று பார்க்கும்.

வருகிறவர் யாரிடமாவது ஒரு ஜோடி ஜால்ரா கொடுத்தனுப்புங்கள், மாமா. கும்பகோணத்து வெண்கலமாக இருந்தால் நல்லது. பழையதில் ஒன்றை உங்கள் பேரன் அருவியில் விட்டுவிட்டான். மிச்சமிருக்கும் ஒன்றைக் கரண்டியால் தட்டித்தான் கச்சேரி நடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை