குதிரைக்கு இரண்டு ஆள், மனைவிக்கு ஒரு பாஸ்

இந்திய அரசுக்கு இரக்கமில்லை என்பவர்கள் 1978-ஆம் ஆண்டு வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகளைப் படிக்க வேண்டும். குதிரையை ரயிலில் எப்படி ஏற்றுவது என்று விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள். வெயில் கொளுத்தினால் பெட்டியின்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சொன்னால் உள்ளே பனிக்கட்டி வைக்கலாம். ஒரு பெட்டியில் இரண்டுக்கு மேல் குதிரை இருந்தால் கூடவே இரண்டு ஆள் போக வேண்டும்.

நல்ல விதி. வாயில்லா ஜீவன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாயுள்ள ஜீவனுக்கு வருவோம். மெரினாவில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றி ரவுண்டு விடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். குதிரை ஓடினால்தான் வீட்டில் உலை. ஓடாவிட்டாலும் அதற்குக் கொள்ளும் புல்லும் வைத்தே தீர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு போடலாமா? மெரினாவில் ஞாயிறுதான் வியாபாரமே.

வார்டிலோ வேறு சவாரி. ‘அட்டெண்டர் யாரு?’ என்று அதட்டல் வந்தால் எழுந்து நிற்க ஆள் வேண்டும். ரத்தம் எடுத்த டியூபை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டும். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் வேண்டும். டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைத் தேட ஆள் வேண்டும். எல்லாம் புருஷன்தான். சம்பளம் கிடையாது. உட்கார நாற்காலி கிடையாது. இருட்டினால் ‘பெண்கள் வார்டு, ஆம்பளைங்க வெளியே போங்க’ என்பார்கள். வெளியே என்றால் வராந்தா, மரத்தடி, பிளாட்பாரம். வார்டுக்குள் பாஸ் இல்லாமல் போய்வர கொசுவுக்கு மட்டும்தான் அனுமதி.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. பந்தய லாயத்தில் இரண்டு, மூன்று குதிரைக்கு ஒரு ஆள் என்பது வழக்கம். காகிதத்தில் மனுஷனும் குதிரையும் ஏறக்குறைய சமம். லாயத்தில் அந்த ஆள் நிஜமாகவே இருப்பார். வார்டில் அந்த இடத்தில் புருஷன் நிற்பார்.

பந்தயக் குதிரை வைத்திருப்பவரின் மனைவிக்கு உடம்புக்கு வந்தால் இந்தத் திண்டாட்டம் இல்லை. குதிரையைப் பழக்க ஒருவர், ஓட்ட ஒருவர், குளிப்பாட்ட ஒருவர், ஊசி போட ஒருவர். குதிரையின் சொந்தக்காரர் தனியார் ஆஸ்பத்திரி ஏ.சி. அறையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம். துணைக்கு இருப்பவருக்கு அங்கே தனிக் கட்டில். அன்பு காட்டவும் வசதி வேண்டியிருக்கிறது.

அவருடைய குதிரை ஓட ரேஸ் கிளப்புக்கு அரசாங்கம் இடமும் கொடுத்தது. கிண்டியில் 160 ஏக்கர். 1945 முதல் 99 வருடக் குத்தகை. வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு 51 ரூபாய். ஆஸ்பத்திரி வாசலில் இன்று அந்தக் காசுக்கு ஒரு பாய்கூட வாங்க முடியாது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திறமைதான். 51 ரூபாய்க்கு 160 ஏக்கரில் உட்கார யாருக்கு வரும்? வாடகை பாக்கி 730 கோடியைக் கட்டு என்று உயர் நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. 2024-இல்தான் கிளப் வாசலுக்கு சீல் விழுந்தது. பாக்கி ஏறிக்கொண்டே இருந்த காலத்தில் கோட்டையில் ஆட்சி மாறி மாறி வந்தது. தூக்கம் மாறவில்லை.

விடுப்புக் கதையையும் பார்த்துவிடுவோம். ஈ.எஸ்.ஐ. கட்டும் தொழிலாளி நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம், 91 நாள் வரை கிடைக்கும். படுக்க வேண்டியது அவர். மனைவி படுத்தால் சல்லிக்காசு கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை தருகிறது. நல்ல காரியம். பக்கத்தில் உட்கார்ந்து கூலியை இழப்பவனுக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. மெரினாக்காரருக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு? அவருக்கு முதலாளியே குதிரைதான். அது லீவு லெட்டர் வாங்காது.

கட்டடம் கட்டப் பணம் இருக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப் பணம் இருக்கிறது. வாசலில் நிற்கும் புருஷனுக்கு ஒரு கூரை, ஒரு கக்கூஸ், ஒரு மடக்குக் கட்டில் என்று கேட்டுப் பாருங்கள். உடனே கஜானா காலியாகிவிடும்.

ஜெயலலிதா 2016-இல் அப்பல்லோவில் இருந்தார். கருணாநிதி 2018-இல் காவேரியில் இருந்தார். ஸ்டாலின் 2025-இல் அப்பல்லோவில் இருந்தார். அரசு ஆஸ்பத்திரிகளை ரிப்பன் வெட்டித் திறந்தவர்கள் இவர்கள். திறந்ததோடு சரி.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டுக் கும்பிடு போட்டு வருபவரிடம் ரோடு கேட்காதீர்கள், குழாய் கேட்காதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு உடம்புக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பீர்கள்? ராத்திரி நீங்கள் எங்கே படுப்பீர்கள்?