தேநீர் இடைவேளைக்குப் பின் விமர்சனச் சிந்தனை

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி என்றால் முதலில் ஃப்ளெக்ஸ் வரும். கருத்தாளர் தாமதமாக வரலாம். பயிற்சிக் கட்டகம் வராமலே போகலாம். ஃப்ளெக்ஸ் தவறாது. அதன் முன்னால் எல்லோரும் நின்று, இடமும் நேரமும் பதிவாகும்படி படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும். அனுப்பியாகிவிட்டதா? பயிற்சி முடிந்தது. மீதி ஆறு மணி நேரம் சம்பிரதாயம்.

எந்த வட்டார வள மையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வருகைப் பதிவு முடிந்ததும் புத்துணர்வு விளையாட்டு. மூட்டு வலியோடு மாடி ஏறி வந்த, ஓய்வுக்கு நாலைந்து ஆண்டே மிச்சமிருக்கிற ஒரு டீச்சரை எழுப்புவார்கள். “உங்க பேரு முதல் எழுத்துல ஒரு பழம் சொல்லுங்க டீச்சர்.” பிரெஞ்சுப் புரட்சியைக் காலமெல்லாம் நடத்தியவர் அவர். வாழைப்பழம் என்று சொல்லிவிட்டு உட்காருவார். சொல்லாவிட்டால் ஒத்துழையாமை. அதைக் காந்தி செய்தால் பாடம். டீச்சர் செய்தால் மெமோ.

பிறகு திரை. ஸ்லைடில் இருப்பதை வரி விடாமல் வாசிப்பார்கள். எதிரில் இருப்பவர்களுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. 21ஆம் நூற்றாண்டுத் திறன்கள் என்று ஒரு ஸ்லைடு. நூற்றாண்டில் கால் பங்கு ஓடிவிட்டது. திறன்கள் இன்னும் ஸ்லைடை விட்டு இறங்கவில்லை.

தேநீர், இரண்டு பிஸ்கட். அதற்குப் பின் விமர்சனச் சிந்தனை. மாணவர்களைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி என்ற அமர்வு. தொடக்கத்திலேயே அறிவிப்பு: “யாரும் குறுக்கே பேச வேணாம், சந்தேகமெல்லாம் கடைசியில கேட்டுக்கலாம்.”

இத்தனைக்கும் நடுவில் யாராவது ஒருவர் கேட்டுத் தொலைப்பார். “சார், பத்தாம் வகுப்புப் பொருளியல்ல ஜி.டி.பி.யை மூணு முறையில கணக்கிடலாம்னு இருக்கு. செலவுல கணக்குப் போட்டாலும் வருமானத்துல போட்டாலும் ஒரே விடை எப்படி சார் வரும்? பசங்க கேக்குறாங்க. நான் ஹிஸ்டரி மேஜர்.” கருத்தாளர் முகத்தில் ஒரு கணம் கலவரம். அவர் கணித ஆசிரியராக இருந்து பயிற்றுநர் ஆனவர். “நல்ல கேள்வி. இதையே குழுவா விவாதிக்கலாமே” என்பார். ஆறு வரலாற்றுப் பட்டதாரிகள் வட்டமாக உட்கார்ந்து, தங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றைப் பற்றிக் கலந்தாலோசிப்பார்கள். குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டும். அசோகர் குழு. சார்ட் அட்டை, நாலு நிற ஸ்கெட்ச். நடுவில் ஜி.டி.பி. என்று எழுதி, சுற்றிலும் அம்புக்குறி போட்டு, ஓரத்தில் பூ வரைந்து, முன்னால் பிடித்துக் காட்டினால் கைதட்டல். கேட்டவர் கேட்ட இடத்திலேயே நிற்பார்.

அந்தப் பயிற்றுநரைத் திட்டிப் பயனில்லை. அவரை மாவட்டத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டியிருப்பார்கள். மாவட்டத்துக்காரருக்குச் சென்னையில் வாசித்திருப்பார்கள். மேலே பாலாகப் புறப்படுவது நாலு பாத்திரம் மாறி, கீழே வரும்போது பாத்திரம் கழுவிய தண்ணீராக இருக்கிறது. அதையும் அளந்து ஊற்றிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு வரலாற்றுப் பட்டதாரி ஏன் ஜி.டி.பி.யோடு மல்லுக்கட்ட வேண்டும்? நம் ஏற்பாடு அப்படி. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்து ஒரே பாடம், ஒரே தாள், 100 மதிப்பெண், ஒரே ஆசிரியர். புவியியல் படித்தவர் முதல் உலகப் போருக்கு அணி பிரிப்பார். வரலாறு படித்தவர் தக்காணப் பீடபூமியின் பாறையை விளக்குவார். இவர்களுக்குத் தேவை ஒன்றுதான். தங்களுக்குத் தெரியாத மூன்று துறைகளை, தெரிந்த ஒருவர் பொறுமையாக நடத்த வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு நாள் பாடம் எடுக்கச் சொன்னால் தீர்கிற விஷயம். ஆனால் நம் பயிற்சிகளில் எப்படிக் கற்பிப்பது என்று மட்டுமே சொல்வார்கள். எதை என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கிறது என்பார்கள்.

காசு கேட்டால் இல்லை என்பதெல்லாம் கிடையாது. 2001இல் வந்த அனைவருக்கும் கல்வித் திட்டம் ஆண்டுக்கு 20 நாள் பணியிடைப் பயிற்சி என்று விதித்தது. அதற்குத் தலைக்கு நாளொன்றுக்கு 70 ரூபாய். ஆசிரியருக்குத் துணைக்கருவி செய்ய ஆண்டுக்கு 500 ரூபாய். அந்த 500 ரூபாயில்தான் தமிழ்நாடு தெர்மகோல் நாடானது. பெரிய கோயில் தெர்மகோலில், செங்கோட்டை தெர்மகோலில், நாடாளுமன்றமும் தெர்மகோலில். உண்மையான நாடாளுமன்றமும் அவ்வளவு கனம்தான் என்று எந்த மாணவனாவது நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. தெர்மகோல் வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா என்று தணிக்கை வரும். அதை வைத்து யாராவது எதையாவது புரிந்துகொண்டார்களா என்று பார்க்க எந்தத் தணிக்கையும் வராது.

துணைக்கருவி என்றதும் வரைபடம் நினைவுக்கு வரும். தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, சுருட்டி நிறுத்தி வைத்திருப்பார்கள். விரித்தால் தூசி, பல்லி முட்டை, 32 மாவட்டத் தமிழ்நாடு. மாவட்டங்கள் 38 ஆகி ஐந்தாறு ஆண்டு ஆகிறது. தென்காசியில் இருக்கிற பள்ளியிலேயே தென்காசி மாவட்டம் இல்லாத வரைபடம் தொங்கலாம். அதே சுருளில் இருக்கும் இந்தியாவில் தெலங்கானா பிறந்திருக்காது. அது பிறந்தது 2014இல். அந்த ஆண்டு பிறந்த பிள்ளை ஆறு, ஏழு என்று வகுப்பு ஏறி அதே வரைபடத்தின் முன்னால்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாடநூலில் கியூ.ஆர். கோடு உண்டே என்பார்கள். உண்டு. 2018 முதல் உண்டு. ஸ்கேன் பண்ண ஆசிரியரின் போன், ஆசிரியரின் டேட்டா. பார்ப்பதற்கு நாற்பது பிள்ளைகள், ஆறு அங்குலத் திரை.

டெல்லியின் கதை இன்னும் பிரமாதம். 2019இல் நிஷ்டா என்றொரு பயிற்சி. உலகத்திலேயே பெரிய ஆசிரியர் பயிற்சித் திட்டம் என்று மார்தட்டல். தியானத்தில் உட்காருவது போலப் பெயர். கொரோனாவில் அது திக்‌ஷா இணையதளத்துக்குப் போனது. நிஷ்டை கூடி, தீட்சையும் வாங்கி, ஆசிரியர்கள் வீடியோவை ஓடவிட்டுவிட்டு அரிசி ஊற வைத்தார்கள். ஓடி முடிந்ததும் வினாடி வினா. விடைகள் முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில். சான்றிதழ் பி.டி.எஃப். ஆக இறங்கும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இதையெல்லாம் போதாது என்று நினைத்து, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு என்று எழுதியது. மணிக்கணக்கு சரியாக இருக்கிறது. மேம்பாடு எங்கே என்றுதான் கேட்கக் கூடாது.

ஒரு கையால் விமர்சனச் சிந்தனைக்குக் கட்டகம் போட்ட அதே என்.சி.இ.ஆர்.டி., அதாவது தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், மறு கையால் என்ன செய்தது தெரியுமா? பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று பத்தாம் வகுப்பு அரசியல் பாடத்திலிருந்து ஜனநாயகமும் பன்முகத்தன்மையும், மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும், ஜனநாயகத்தின் சவால்கள் ஆகிய மூன்று அத்தியாயங்களையும் கழற்றிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அரசவை போனது. பிள்ளைகளுக்குச் சுமையாக இருந்தது அக்பர்தானாம். அரசியல் பாடப் புத்தகங்களுக்கு ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் 2023இல், தயவுசெய்து எங்கள் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுத வேண்டிவந்தது. கேள்வி கேட்கும் குடிமகனை உருவாக்கு என்று ஆசிரியருக்குப் பயிற்சி. எதைப் பற்றிக் கேட்பான்? அந்தப் பக்கங்களைத்தான் கிழித்தாகிவிட்டதே.

முதன்மைச் சான்றுகளைக் கொண்டு வரலாறு கற்பியுங்கள் என்பது எல்லாப் பயிற்சியிலும் வரும் மந்திரம். நல்லது. கீழடியில் அகழாய்வு செய்த அமர்நாத் ராமகிருஷ்ணன் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கும் மேல் அதன் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, 2025 மே மாதம் திருத்தி எழுதிக் கொடு என்றார்கள். அடுத்த மாதம் அவருக்கு நொய்டாவுக்கு மாற்றல். இதுதான் முதன்மைச் சான்றுக்கு நாட்டில் இருக்கும் மரியாதை. மாநிலம் மட்டும் என்ன வாழ்ந்தது? தமிழ் மண்ணில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் மேடை போட்டு அறிவித்தார்கள். பெருமைதான். அந்த அறிக்கையைக் கையில் பிடித்துப் படித்த பள்ளி ஆசிரியர் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். அந்த இரும்பு கிடைத்த சிவகளைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலேயே விசாரிக்கலாம்.

நேரில் கூட்டிப் போகலாமே? போகலாம். ஊர் எல்லையில் நடுகல் இருக்கிறது. பாழடைந்த கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. நடந்தால் அரை மணி. ஆனால் மேலிடத்து அனுமதி, பெற்றோர் ஒப்புதல், வாகன விவரம், துணை ஆசிரியர் பெயர், ஏதேனும் நேர்ந்தால் நானே பொறுப்பு என்று ஒரு கடிதம். பராந்தக சோழன் காலத்தில் குடவோலையில் நிற்கத் தகுதி என்ன என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு பட்டியல் போடுகிறது. அந்தக் கல்வெட்டைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் தகுதிக்கு இன்றைய பட்டியல் அதைவிட நீளம். கடைசியில் களப்பயணம் எப்படிச் செல்வது என்ற பயிற்சி, ஜன்னல் சாத்திய கூடத்தில், ஸ்லைடு போட்டு நடக்கும்.

காசு உண்டு என்றேனே, அதற்கும் தடை வந்தது. பயிற்சிக்கும் வள மையங்களுக்கும் அது வரும் வழி ஒன்றியத் திட்டமான சமக்ர சிக்‌ஷா. பி.எம். ஸ்ரீ என்ற இன்னொரு ஒன்றியப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததால் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது ஒன்றிய அரசு. கூட்டாட்சி என்றால் என்ன என்று விளக்கக் குடிமையியல் ஆசிரியர் இனி துணைக்கருவி தேட வேண்டியதில்லை. அன்றைய நாளிதழைக் காட்டினால் போதும்.

ஒரே ஒரு பயிற்சி மட்டும் நம் நாட்டில் ஒழுங்காக நடக்கிறது. தேர்தல் பயிற்சி. அதற்குப் பெயர் சொல்லும் விளையாட்டு கிடையாது. கட்டகம் முதல் நாளே கையில் இருக்கும். இயந்திரத்தைத் தொட்டு, கழற்றி, மாட்டிப் பழக்குவார்கள். சந்தேகம் கேட்டால் பதில் வரும். பயிற்சிக்கு வராமல் போனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அரசு மனது வைத்தால் எப்படிப் பயிற்சி கொடுக்கும் என்பதற்கு அது சாட்சி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைப் பிற வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது படிவக் கட்டோடு தெருத்தெருவாக அலைந்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. ஜனநாயகப் பாடம் அன்று நடக்கவில்லை. ஜனநாயகம் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்கள், பணியில் ஐந்தாண்டுக்கு மேல் மிச்சமிருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு. எத்தனை கோடியைக் கொட்டி, எத்தனை சனிக்கிழமையைத் தின்று, எத்தனை சான்றிதழை அச்சடித்துக் கொடுத்தீர்கள்? அத்தனையையும் அடுக்கி நீட்டினாலும் ஒரு மதிப்பெண்ணுக்குக் காணாது. கொடுத்த பயிற்சி எதையும் யாரும் தகுதியாக மதிக்கவில்லை. மதிக்கத் தகுந்தது இல்லை என்பது கொடுத்தவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

ஆக, நரைத்த தலையோடு ஆசிரியர்கள் தனியார் கோச்சிங் சென்டருக்குப் போகிறார்கள். 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி. நடத்துகிறவருக்குத் தங்கள் பிள்ளை வயது. கைதட்டல் இல்லை, குழு இல்லை, பூ வரையவில்லை. ஒருவர் செய்யும் செலவு இன்னொருவருக்கு வருமானம் என்று கரும்பலகையில் நாலு வரி போட்டு, செலவு முறையும் வருமான முறையும் எங்கே வந்து சந்திக்கின்றன என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார் அந்தப் பையன். கட்டணம் ஆசிரியரின் சொந்தக் காசு. ரசீதில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனியாகப் போட்டிருந்தது.