விலை மட்டும் இறங்கிய வண்டி

ஜெர்மன் சொகுசு செடானை மலிவாக வாங்க ஒரே வழி, வேறு யாராவது முதலில் வாங்கும்வரை காத்திருப்பது. அவர் 60 லட்சம் கொடுக்கட்டும். லெதர் சீட்டின் புது வாசனையை அவரே முகர்ந்து தீர்க்கட்டும். காப்பீட்டுக் கணக்கில் ஷோரூமை விட்டு வெளியே வந்த ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் தேய்மானம், ஒரு வருடம் முடிவதற்குள் 15, நாலு வருடம் தாண்டினால் 50. ஐந்து வருடத்துக்கு மேல் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பேச்சுவார்த்தைப் பருவத்தில்தான் என் வண்டி என்னிடம் வந்தது. வயது எட்டு. ஒரு புது நடுத்தர எஸ்யூவிக்கு ஆகிற பணம்தான் ஆனது.

விலை இறங்கிய விஷயம் எனக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் மட்டுமே தெரியும். வண்டிக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னமும் தன்னை 60 லட்ச ரூபாய் வண்டி என்று நம்பி, அந்த அந்தஸ்துக்குத் தக்க ஆயில் கேட்கிறது, டயர் கேட்கிறது, வைப்பர் ரப்பர் கேட்கிறது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று பெரியவர்கள் கேட்டுவைத்திருக்கிறார்கள். யானையைப் பாதி விலைக்கு வாங்கியவனைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் தரகர் ஒருவர் டெல்லி வண்டி காட்டினார். தலைநகர் வட்டாரத்தில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதிலிருந்து ஒன்பது வயதைத் தொட்ட டெல்லி டீசல்களெல்லாம் தெற்கு நோக்கித் தல யாத்திரை கிளம்பிவிட்டன. “பெயின்ட் பாருங்க சார், அமைச்சர் வீட்டு வண்டி” என்றார். எந்த அமைச்சர் என்று கேட்டேன். “இப்ப இல்ல சார், அப்ப அமைச்சர்” என்றார். படிவம் 28இல் டெல்லி ஆர்டிஓ தடையில்லாச் சான்று தர வேண்டும், இங்கே வந்து மறுபதிவு, வாழ்நாள் வரி என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதைக் கேட்டபோது, அமைச்சரையே தத்தெடுப்பது சுலபம் என்று தோன்றியது.

சென்னை வண்டி என்றால் வேறு பயம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எங்கே போயின என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் ஒரு நண்பரின் நண்பர் இருக்கிறார். அதனால் வண்டி பார்க்கப் போகிறவன் மோப்ப நாயாக மாற வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்ப்பெட்டைத் தூக்கி மூக்கை நுழைக்க வேண்டும். டிக்கியின் அடித்தட்டைக் கழற்றி விரலால் தடவ வேண்டும். நான் குனிந்து முகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் விற்பவரின் மனைவி காபியோடு வந்து நின்றார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். ஜெர்மன்காரர்கள் மூன்று பேர் இந்த அளவில் வண்டி செய்கிறார்கள். மூன்றில் எது என்றாலும் கதை ஒன்றுதான். ஜெர்மன் என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். ஒருவர் புனே பக்கம் சாக்கனில் பூட்டுகிறார், ஒருவர் அவுரங்காபாத்தில், மற்றவர் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியில். அந்தத் தொழிற்சாலைக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்ப் பரனூரில் இறங்கினால் போதும். ஆனாலும் என் மெக்கானிக் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் “ஜெர்மன் வண்டி சார்...” என்று ஒரு பெருமூச்சு விடுவார். பில்லில் அந்தப் பெருமூச்சுக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அவர் கெட்டிக்காரர். கம்பெனி சர்வீஸில் வேலை பார்த்துவிட்டு வளசரவாக்கத்தில் சொந்தமாக ஷெட் போட்டவர். பழைய மெக்கானிக்குகள் எஞ்சினில் காதை வைப்பார்கள். இவர் லேப்டாப்பைத்தான் செருகுவார். “ஸ்கேன் போட்டுப் பார்த்துடலாம் சார்” என்பார், கார்டியாலஜிஸ்ட் குரலில். ஸ்கேனில் ஒரு பக்கம் நிறையக் குறைகள் வரும். “பாதி சும்மா வர்றது சார், கிளியர் பண்ணிடறேன்” என்பார். மீதிப் பாதிக்குத்தான் ஆஸ்தி வேண்டும். பேட்டரி மாற்றுவதுகூட இதில் சாதாரணம் இல்லை. அது பானெட்டுக்கு அடியில் இல்லாமல் டிக்கிக்குள் ஒளிந்திருக்கிறது. புதுசு போட்டபின், “உனக்குப் புது பேட்டரி வந்திருக்கிறது” என்று லேப்டாப் மூலம் வண்டிக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பழையதற்கு சார்ஜ் ஏற்றிய விதத்திலேயே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்குமாம். மெக்கானிக் இதற்குக் கோடிங் என்பார். “கோடியா?” என்று கேட்டாள் என் மனைவி. இல்லை, கொஞ்சம் கம்மி.

சில உருப்படிகளுக்குப் புதுப்பேட்டை போவோம். வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தத் தெருவில் கேட்டால் எதுவும் கிடைக்கும் என்பது சென்னையின் பழைய நம்பிக்கை. நான் இடது பக்கக் கண்ணாடியின் மூடி கேட்டேன். கடைக்காரர் என்னையும், தெருமுனையில் நின்ற என் வண்டியையும் பார்த்தார். பிறகு, “வண்டியா குடுக்கறீங்களா சார், பீஸ் பீஸா நல்லா போகும்” என்றார். முழுசாக ஓடும்போது இருப்பதைவிடப் பிரித்தால் மதிப்பு கூடும் பொருள் உலகில் கூட்டுக்குடும்பம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

பஞ்சர் ஆனால் இன்னொரு கூத்து. இதற்கு ரன்ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஒரு 80 கிலோமீட்டர் ஓட்டிவிடலாம், அதனால் ஸ்டெப்னியே வைக்கவில்லை. பஞ்சர் கடைப் பையனிடம் இதைச் சொல்வதற்குள் அவன் டிக்கியைத் திறந்து, தட்டைத் தூக்கிப் பார்த்து, பதறிப்போய், “சார்! ஸ்டெப்னிய எவனோ அடிச்சிட்டான் சார்!” என்று கத்தினான். கூட்டம் சேர்ந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்கச் சொல்லி இரண்டு பேர் வற்புறுத்தினார்கள்.

ஓட்டும் சுகத்தைக் குறை சொல்ல மாட்டேன். விழுப்புரம் தாண்டிய நெடுஞ்சாலையில் விடிகாலையில் அது போகிற போக்கு, வங்கிக் கடனை மறக்கவைக்கும். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி அதன் வேகத்தை மின்னணுவால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சென்னை நகரத்துக்குள் காருக்கு 60 என்று 2023இல் போலீஸ் வரம்பு போட்டது. வேளச்சேரி மெயின் ரோடு, வருகிற அனைவரையும் சமமாக 15இல் நிறுத்திவைக்கிறது. சிக்னலில் நின்றால், டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சின் தானாக அணைந்துவிடும். முதல்முறை ஏறிய என் மாமனார், “என்ன மாப்பிள்ளை, நின்னுபோச்சா?” என்றார். இது ஒரு வசதி மாமா என்று விளக்கினேன். அடுத்த சிக்னலிலும் அணைந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்கித் தள்ளத் தயாராகிவிட்டார்.

வேகத்தடைதான் பெரிய விரோதி. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி அல்ல, பொறியாளர்கள் அமைப்பு) வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் உயரத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, அதற்குமேல் தங்கள் பங்காகக் கொஞ்சம் சேர்த்து, அகலத்தை ஒரு முழத்தில் முடித்துவிட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் வண்டி வயிறு தட்டும். ஆகவே நங்கநல்லூர் போகும்போது, மைத்துனி வீட்டுத் தெருமுனையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, குறுக்காக ஏற்றி, அந்தப் பக்கம் காத்திருப்பேன். “ஆட்டோல வந்திருந்தா வாசல்லயே இறங்கியிருப்பேன்” என்பார் மாமியார், நடந்து வந்து ஏறும்போது.

ஊராரின் மதிப்பீடு தனி. இளநீர்க்காரர் கண்ணாடி இறங்குவதற்குள் பத்து ரூபாய் ஏற்றிவிடுவார். கோயில் கும்பாபிஷேக ரசீதுப் புத்தகம் எங்கள் குடியிருப்பில் முதலில் என் கதவைத் தட்டும். இதே பணத்துக்குப் புது எஸ்யூவி வாங்கிய எதிர்வீட்டுக்காரரிடம் இருநூறு வாங்கிக்கொண்டு, என்னிடம், “உங்களுக்கு எதுக்கு சார் நாங்க சொல்லணும்” என்று பேனாவை நீட்டுவார்கள். விலையைச் சொல்லித் தப்பிக்கலாமென்றால் மனம் ஒப்பவில்லை. அது தெரிந்தால் வாட்ச்மேன் எழுந்து நிற்பதை விட்டுவிடுவார்.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் எல்லோரும் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். பயந்த அளவுக்கு மழை வரவில்லை. வண்டியை எடுக்கப் போனால், பாலத்தில் நின்ற கார்களின் கண்ணாடியிலெல்லாம் அட்டைகள் செருகியிருந்தன: பழைய கார்கள் நல்ல விலைக்கு வாங்கப்படும். அந்த வியாபாரியின் மூளையை மெச்சியே நம்பரை அழைத்தேன்.

“வெள்ளத்துல நின்ன வண்டியா சார்?”

“இல்லை, பாலத்துல நின்ன வண்டி.”

“அப்ப ரேட்டு கூடும் சார். பாலத்துல நிக்கற மாதிரி போட்டோ இருந்தா அனுப்புங்க, விளம்பரத்துல போட்டுக்கலாம்.”

வண்டியைத் திரும்பப் பாலத்தின் ஓரம் கட்டி, நாலு கோணத்தில் எடுத்து அனுப்பினேன். விற்கும் எண்ணம் இல்லை. கண்ணாடி மூடி இல்லாத பக்கம் மட்டும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்.