படிக்கட்டு வகுப்பு

எழுமலையில் மலைக்குப் பஞ்சமில்லை. பட்டம் வாங்க மட்டும் பலர் பஸ் ஏறி உசிலம்பட்டி போகிறார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி அங்கே 1968 முதல் இருக்கிறது. முதல் பாடவேளை எப்போது என்பதைக் கால அட்டவணை சொல்லும்; யார் யாருக்கு என்பதை டவுன் பஸ் சொல்லும்.

மாணவர் ஒற்றுமை வளர்வது அந்தப் பஸ்ஸின் படிக்கட்டில்தான். உள்ளே நிற்க இடமிருக்கும். ஆனாலும் தமிழும் கணிதமும் பொருளியலும் ஒரே கம்பியில் தொங்கும். பைகளெல்லாம் ஜன்னலோரப் பெரியவர் மடியில்.

“மேல ஏறி வாங்கடா!”

“வந்துட்டோம்ணே!”

ஒருவரும் அசைவதில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். அவரும் வீடு போய்ச் சேர வேண்டுமே.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. பையன்களுக்குச் சலுகை பாஸ். போதாததற்கு, அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்: பெண்களுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம். புத்தகம் வாங்குவார்கள் என்று கோட்டை நம்புகிறது. பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடைக்காரரோ, பணம் ஏறும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.