பொருள்: ஒயின் கிளப்பிலிருந்து விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்:
தள்ளுபடிக்காக உறுப்பினரானவர்,
சன்னிவேல், கலிஃபோர்னியா.

பெறுநர்:
விருந்தோம்பல் பிரிவு இயக்குநர் அவர்கள்,
பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஒயினரி,
நாப்பா பள்ளத்தாக்கு.

பார்வை: "எங்களுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள்?" என்ற தங்கள் மின்னஞ்சலும் அதற்கு வந்துகொண்டேயிருக்கும் நினைவூட்டல்களும்.

ஐயா அல்லது அம்மையீர்,

மார்க் இல்லாமல் உங்கள் தொழில் நடக்காது என்பதை அறிவேன். ராபர்ட் பார்க்கர் என்ற விமர்சகர் 1978-இல் தொடங்கிய பத்திரிகையில் ஒயினுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டார். அவருடைய அளவுகோல் ஐம்பதில் ஆரம்பிக்கிறது. பரீட்சை எழுத வந்து உட்கார்ந்தாலே பாதி மார்க். அந்த முறைப்படி தங்களுக்குப் பத்துக்கு ஐந்து இப்போதே போட்டுவிட்டேன். மீதி ஐந்தைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

நாங்கள் வந்தது என் மனைவியின் பிறந்தநாளுக்கு. செப்டம்பர் மாதத்துச் சனி, ஞாயிறு. தங்கள் முன்பதிவுப் படிவத்தில் "எதையாவது கொண்டாடுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது. 'பிறந்தநாள்' என்று தட்டியதும், ரோஜா இதழ் தூவிய மேசைக்கு 75 டாலர் என்று அடுத்த பக்கம் திறந்தது. 'சும்மா' என்றும் ஒரு விடை இருந்ததாக ஞாபகம். சும்மா வருபவர்களுக்கு மேசை வெறுமையாகவே இருக்கும் போலிருக்கிறது.

இதில் தங்கள் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. நாப்பா மாவட்டத்து விதிகளின்படி, பழைய அனுமதி உள்ள ஒரு சில இடங்களைத் தவிர, ஒயினரிகளில் கல்யாணம் நடத்தக் கூடாது. 1990-க்குப் பிறகு அனுமதி பெற்ற ஒயினரிகள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ருசிபார்க்கத் தரலாம் என்றும் மாவட்டம் அந்த ஆண்டிலேயே விதி போட்டது. விளைநிலம் கேளிக்கைக் கூடமாகிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். கல்யாணத்தில் சம்பாதிக்க முடியாததைப் பிறந்தநாளில் ஈட்டியாக வேண்டும். கூட்டத்தைக் குறைக்கப் போட்ட சட்டத்தை 'உங்களுக்கு மட்டுமேயான அனுபவம்' என்று பெயர் சூட்டி விற்கவும் வேண்டும். இந்தச் சாமர்த்தியத்துக்கு அரை மார்க் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கட்டணம். தலைக்கு 90 டாலர். ஐந்து ஒயின், ஒவ்வொன்றிலும் ஓர் அவுன்ஸ். கூட்டினால் 150 மில்லி, அதாவது எந்த உணவகத்திலும் ஒரே முறையில் ஊற்றித் தரும் ஒரு கிளாஸ். ஒரு பாட்டிலில் அப்படி ஐந்து கிளாஸ் இருக்கும். ஆகவே தங்கள் மேசையில் அமர்ந்து ஒரு முழு பாட்டிலை ருசிபார்த்து முடிக்க 450 டாலர் ஆகும். அன்று ஊற்றியதிலேயே விலை உயர்ந்த பாட்டில் 140 டாலர். மிச்சம் 310 டாலரும் பேச்சுக்கு. பேச்சைக் கேட்கப் பணம் கொடுப்பதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. நாங்கள் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அங்கே கடைசியில் நடுவர் ஒரு தீர்ப்பாவது சொல்வார்.

பேசியவர் நல்ல பிள்ளை. கிளாஸைச் சுழற்றி மூக்கை நுழைத்து, புகையிலை, பதப்படுத்திய தோல், தேவதாரு, பென்சில் முனை என்று அடுக்கினார். மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு "நாவல்பழம்" என்றார். அது எப்படி இருக்கும் என்று விளக்கியும் பார்த்தார். பிள்ளை புன்னகைத்து, "பிளாக்பெர்ரி" என்று திருத்தினார். பிறந்தநாள்காரரின் நாக்கு அன்று பிறந்தது என்று நினைத்துவிட்டார் போல.

தங்கள் மாநிலத்து டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற பேராசிரியை 1980-களில் ஒரு வாசனைச் சக்கரத்தை உருவாக்கினார். 'கம்பீரமானது', 'நளினமானது' என்று மழுப்பாமல், மூக்குக்குத் தெரிவதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் நோக்கம். அதில் ரோஜாவும் எலுமிச்சையும் மட்டும் இல்லை. நனைந்த நாய் இருக்கிறது. ரப்பர், டீசல், ஸ்கங்க் எல்லாம் இருக்கின்றன. தங்கள் ஊழியருக்குச் சொல்லிக்கொடுத்த சக்கரத்தில் நல்ல வாசனை இருக்கும் பாதி மட்டும்தான் சுழல்கிறது.

இந்தப் புகழுரைகளை எவ்வளவு நம்பலாம் என்று பிரான்ஸின் போர்தோவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வில், ஒயின் படிப்பு படிக்கும் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவிலேயே ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரும் ஒரு சோதனை செய்தார். அவரே சிறிய அளவில் ஒயின் தயாரித்தவர். மாநிலப் பொருட்காட்சியின் ஒயின் போட்டியில் ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றி, நடுவர்களுக்குத் தெரியாமல் மற்றவற்றின் நடுவே வைத்துக் கொடுக்கச் செய்தார். மூன்று முறையும் ஒரே தரத்தில் மார்க் போட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் என்று 2008-இல் எழுதினார். அதே போட்டியில் 2007-இல் கலிஃபோர்னியாவின் சிறந்த ஷார்டனே என்ற பரிசை வாங்கியது எது என்பது தங்களுக்கு நினைவிருக்கும், வலியோடு: டிரேடர் ஜோஸ் கடையில் 1.99 டாலருக்கு விற்ற சார்ல்ஸ் ஷா.

தங்கள் 140 டாலர் பாட்டிலின் நெற்றியில் 'ரிசர்வ்' என்று பொன்னெழுத்து மின்னியது. லேபிளில் 'நாப்பா பள்ளத்தாக்கு' என்று போட, 85 சதவீதத் திராட்சையாவது அங்கே விளைந்திருக்க வேண்டும். 'காபர்னே சாவின்யான்' என்று போட, 75 சதவீதமாவது அந்தத் திராட்சையாக இருக்க வேண்டும். 'ரிசர்வ்' என்று போட அமெரிக்க அரசு எந்தத் தகுதியும் விதிக்கவில்லை. பொன்மசி வாங்கக் காசு இருந்தால் போதும்.

இனி கிளப். ஐந்தாவது கிளாஸ் காலியானதும் ஊழியர் குரலைத் தாழ்த்தி, "இந்தக் கட்டணத்தைக் கட்டாமல் போக ஒரு வழி இருக்கிறது" என்றார். கிளப்பில் சேர்ந்தால் இருவருக்குமான 180 டாலர் தள்ளுபடி. பதிலுக்குக் காலாண்டுக்கு மூன்று பாட்டில் வீடு தேடி வரும். ஒவ்வொரு முறையும் 360 டாலர். வருடத்துக்கு 1,440. இந்தக் கணக்கை முதல் கிளாஸுக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை. கார் ஓட்ட 0.08 சதவீதம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கார்டு நீட்டவும் ஒன்று வைத்தால் தேவலை. சேர்வதற்கு ஒரு கையெழுத்து போதும். விலகுவதற்கோ வேலை நாளில், வேலை நேரத்தில், தொலைபேசியில், அடுத்த பெட்டி கிளம்ப முப்பது நாளுக்கு முன்னால். சைவம் என்று சொன்னதும் தட்டில் பன்றித்தொடைச் சீவலை எடுத்துவிட்டு மூன்று ஆலிவ் வைத்தீர்களே, அந்தத் தட்டின் விலையைப் போலவே இந்த நிபந்தனையும் யாருக்காகவும் இறங்கவில்லை.

இவையெல்லாம் சில்லறை வருத்தங்கள். உண்மையான குறை வேறு. சொல்ல வேண்டிய கதைகளைக் கையில் வைத்துக்கொண்டு, பென்சில் முனையைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

1976 மே 24 அன்று பாரிஸில் நடந்ததை ஊழியர் மறக்காமல் சொன்னார். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் நடத்திய போட்டியில், பிரெஞ்சு நடுவர்கள் சிவப்பில் ஸ்டேக்ஸ் லீப்பின் 1973 காபர்னேக்கும் வெள்ளையில் ஷடோ மான்டெலீனாவின் 1973 ஷார்டனேக்கும் முதலிடம் தந்தார்கள். இரண்டும் நாப்பா ஒயினரிகள். எல்லாம் சரி. ஊழியர் விட்டுவிட்டது ஒன்றே ஒன்றுதான்: நடுவர்களுக்கு லேபிள் தெரியாது. தெரிந்திருந்தால் பிரான்ஸ்தான் ஜெயித்திருக்கும். லேபிளை மறைத்ததால் பேர் வாங்கிய பள்ளத்தாக்கு, இன்று லேபிளைக் காட்டிக் காசு வாங்குகிறது.

1968-இல் நடந்ததை அவர் சொல்லவே இல்லை. பள்ளத்தாக்கை விவசாயப் பாதுகாப்பு நிலமாக அந்த ஆண்டு மாவட்டம் அறிவித்தது; அமெரிக்காவிலேயே அப்படி அறிவிக்கப்பட்ட முதல் நிலம் அது. 20 ஏக்கருக்குக் குறைவாக மனை பிரிக்கக் கூடாது என்றார்கள். 1979-இல் அதை 40 ஏக்கராக உயர்த்தினார்கள். அந்தச் சட்டம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைக் கேளுங்கள். நான் வேலை பார்க்கும் சான்ட்டா கிளாரா பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் பிளம் தோப்பும் ஆப்ரிகாட் தோப்புமாக இருந்த பூமிதான். இன்று அங்கே ஆப்பிள் என்றால் ஃபோன்.

சனிக்கிழமை பின்னிரவில் விடுதி ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் அலைந்தது. அறுவடை. குளிர் இருக்கும்போதே பழத்தைப் பறித்தாக வேண்டும் என்பதால், தலையில் விளக்கு கட்டிய ஆட்கள் வளைந்த கத்தியோடு வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். மனைவி வெகுநேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. மறுநாள் தங்கள் மேசையில் அவர்களைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் இந்த மண்ணின் மாயம்" என்று பதில் வந்தது. மண்ணுக்குக் கத்தி பிடிக்கத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தோம். மாவட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று மூன்று விடுதிகள் அமைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் 60 படுக்கை. தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்தின்மேல் ஏக்கர் கணக்கில் தாங்களே வரி போட்டுக்கொண்டு அந்த விடுதிகளுக்குப் பணம் தருகிறார்கள். இது பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. ஆனால் அதைச் சொன்னால், மற்றவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். பென்சில் முனையில் அந்த ஆபத்து இல்லை.

ஜோடியாக வந்து தங்குபவர்களுக்கென்றே ஒரு கதையும் தங்கள் ஊரில் உண்டு. 1880-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தேனிலவுக்கு அங்கே வந்தார். விடுதிக்கு வாரம் 10 டாலர் கொடுக்கக் கட்டுப்படியாகாமல், புது மனைவி ஃபேனியோடு செயின்ட் ஹெலீனா மலையில் கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் கொட்டகையில் தங்கினார். இன்று 29-ஆம் நெடுஞ்சாலையில் வரவேற்புப் பலகை அவருடைய வாசகத்தைத் தாங்கி நிற்கிறது. அறை வாடகை கட்ட முடியாத ஆளின் வாக்கியத்தை வாசலில் தொங்கவிட்டு அறை வாடகை வாங்கும் தைரியத்துக்கு இன்னும் ஓர் அரை மார்க்.

ஆக மொத்தம் பத்துக்கு ஆறு. இதோடு விட்டிருப்பேன். ஆனால் முதல் பெட்டி வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் அலுவலகத்தில். வீட்டில் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார் மட்டும். 21 வயது நிரம்பியவர் கையெழுத்திட்டால்தான் பெட்டியைத் தருவேன் என்று கூரியர்காரர் நின்றிருக்கிறார். 68 வயது நிரம்பிய அவர், அடையாள அட்டை கேட்டதால் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டி, மருந்தோ என்னவோ என்று தமிழில் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்தும் பார்த்துவிட்டார். மாலையில் மகளைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளைக்கு இது எத்தனை நாளா?" என்று கேட்டார். தங்கள் மின்னஞ்சலில் இல்லாத கேள்வி அது.

எனவே, கீழ்க்கண்டவாறு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். தங்கள் ரிசர்வ், தங்களுடையதே வேறு மூன்று, கூடவே சூப்பர் மார்க்கெட்டில் இருப்பதிலேயே மலிவான ஒன்று. ஐந்தும் காகிதப் பையில் சுற்றப்பட்டிருக்கும். ஹாட்ஜ்சன் முறைப்படி ஒவ்வொன்றும் மூன்று முறை, வரிசை மாற்றி ஊற்றப்படும். ஊற்றுபவர் என் மாமியார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவர் என்பதால் பாரபட்சத்துக்கு இடமில்லை. ரிசர்வ் எது என்று மூன்று முறையும் தாங்கள் சரியாகச் சொல்லிவிட்டால், பத்துக்குப் பத்து. நான் ஆயுள் உறுப்பினர். இல்லையென்றால் என் பெயரை அன்றே நீக்கிவிட்டு, அந்த இரவில் தலைவிளக்கோடு பழம் பறித்தவர்களைப் பற்றித் தங்கள் ஊழியருக்கு ஐந்து நிமிடப் பேச்சு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்க 90 டாலர் கொடுத்து நாங்களே மறுபடி வருவோம்.

எங்கள் வீட்டிலும் முன்பதிவு கட்டாயம். பிறந்தநாளாக இருந்தால் கேசரி உண்டு, கூடுதல் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(அடுத்த பெட்டி வரும்வரை) உறுப்பினர்.

நகல்: மாமியார் அவர்களுக்கு, மாப்பிள்ளை விலகிக்கொண்டதற்கு ஆதாரமாக.