மாற்றுச் செயலி அறிவிப்போர்: ஒரு கடற்கரை ஆய்வு

தொண்டி முதல் தனுஷ்கோடி வரை நீளும் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டெனினும், கைப்பேசிச் செயலிகளைப் பற்றிக் கருத்துரைப்பதற்கு எந்த மாதத்திலும் தடையில்லை. அக்கருத்துகளுள் மிகுதியாகக் கிடைப்பவை மாற்றுச் செயலி பற்றியவை. மாற்றுச் செயலி என்பது, தாம் இப்போது பயன்படுத்தும் ஒன்றை விட்டு விலக வேண்டும் என்று கருதும் ஒருவர், பிறரை முதலில் நிறுவச் சொல்லும் வேறொன்றாகும். இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஐயத்துக்கு இடமின்றி விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம் என்றாலும், விடைக்கு முன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

2021 சனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும், சிக்னலை நோக்கியும் டெலிகிராமை நோக்கியும் பெரும் இடப்பெயர்ச்சி தொடங்கியது; வந்து குவிந்த கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் அம்மாதத்திலேயே சிக்னல் ஏறத்தாழ ஒரு நாள் முடங்கிக் கிடந்தது. அதே ஆண்டில், தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோ நிறுவனம் வெளியிட்ட அரட்டை என்னும் செயலி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓசையின்றி இருந்துவிட்டு, 2025 செப்டம்பர் இறுதியில் மத்திய அமைச்சர்கள் பரிந்துரைத்த உடனே பெருக்கெடுத்தது. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாட்களில் 3,50,000 ஆக உயர்ந்ததாகச் சோகோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். அந்த 3,50,000 பேருள் இக்கட்டுரையாளரின் உறவினர்களுக்கும் கணிசமான பங்குண்டு. வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறும் செய்தியை அவர்கள் அனைவரும் வாட்ஸ்அப்பிலேயே தெரிவித்தார்கள்.

ஒரு செயலியைக் குறைகூறுவோர் முதலில் எடுத்தாள்வது முனைக்கு முனை மறையாக்கம் என்னும் தொடரை. அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் கைப்பேசிகளில் மட்டுமே செய்தி படிக்கத்தக்க வடிவில் இருக்கும் என்பதும், இடையில் அதைச் சுமந்து செல்லும் நிறுவனத்தாலும் படிக்க இயலாது என்பதும் அதன் பொருள். மேற்சொன்ன பெருக்கத்தின்போது அரட்டையில் இவ்வசதி குரல், காணொளி அழைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு அப்போது இல்லை. இக்குறையைச் சுட்டி, உச்சிப்புளியிலிருந்து ஒருவர் குடும்பக் குழுவில் நீண்ட எச்சரிக்கை எழுதினார். அக்குழுவில் அன்றுவரை அவர் பகிர்ந்தவற்றுள் மறைத்து வைக்கத்தக்கது என்று ஒரு வரிகூட இல்லை. உண்மையான மறையாக்கத்தை அறிய விரும்புவோர் பாம்பன் விசைப்படகுகளுக்குத்தான் செல்ல வேண்டும். அங்குள்ள விஎச்எஃப் கருவியில், அதாவது ஒருவர் பேசுவதைச் சுற்றிலும் உள்ள எல்லாப் படகுகளும் கேட்கக்கூடிய வானொலித் தொடர்பில், நல்ல மீன்பாடு கண்ட ஒருவர் சொந்த மைத்துனனிடமே வலை விட்ட இடத்தைத் தெரிவிக்காமல் கால்மணிநேரம் உரையாட வல்லவர்.

இனி, தாம் செயலி மாறுவதை ஊரறியச் சொல்லும் அறிவிப்பாளரைப் பற்றிச் சுருக்கமாகக் காணலாம். அறிவிப்பாளர் பெரும்பாலும் மாமன் அல்லது பெரியப்பன் முறையினர். பணி ஓய்வு பெற்றவராகவோ விரைவில் பெறப்போகிறவராகவோ இருப்பார். அவரது விடைபெறல் மடல் வணக்கத்தில் தொடங்கி, நாட்டின் எதிர்காலத்தைத் தொட்டு, நீலநிற இணைப்பு ஒன்றைத் தந்து, “இன்று இரவு 12 மணிக்கு மேல் இந்த எண்ணில் வாட்ஸ்அப் இருக்காது” என்னும் எச்சரிக்கையோடு முடியும். நள்ளிரவைத் தேர்ந்தெடுப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. யாரேனும் ஒருவர் “போகாதீங்க மாமா” என்று எழுதுவதற்குப் போதிய அவகாசம் தருவதே அதன் உட்கருத்து என்று கொள்ளலாம். எவரும் எழுதுவதில்லை. இரவு பத்து மணியளவில் கட்டைவிரல் ஒன்று மட்டும் தோன்றும். அதுவும், மடலுக்கு மேலே இருந்த பிறந்தநாள் வாழ்த்துக்கு வந்த பதில் என்பது பிறகு தெரியவரும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அறிவிப்பாளர் வாட்ஸ்அப்பில் இருப்பார். வினவினால், “சும்மா யாரு யாரு இருக்காகன்னு பாக்க வந்தேன்” என்பார். எரிவாயு உருளைக்கு அதில்தான் பதிய வேண்டியிருக்கிறது, பேத்தியின் வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது, மகன் கல்யாணப் படங்கள் அதற்குள்தான் இருக்கின்றன என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட, தமக்காக அன்றிப் பிறருக்காகவே அவர் அதில் நீடிக்கும் தியாகம் மெல்ல விளங்கும். இதற்கிடையில் புதிய செயலியில் அவர் தொடங்கிய குழுவில், “யாரெல்லாம் வந்திருக்கீங்க?” என்பது முதல் செய்தியாக அமைகிறது. சிலர் கையுயர்த்துவார்கள். அடுத்து வருபவர், மேலே உள்ளதைப் படிக்காமல், அதே வினாவை மீண்டும் எழுப்ப, முன்பு உயர்ந்த கைகளே மறுபடி உயரும். ஆட்கணக்கு எடுப்பது முடிந்தபின் அக்குழுவில் பேசுவதற்குப் பொருள் எதுவும் இல்லாமற் போவதால், சூரிய உதயத்தின்மேல் உரோசாப்பூ வைத்த காலை வணக்கப் படம் அங்கும் வந்து சேர்கிறது. பழைய செயலியில் அதன் தலையில் பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்பு இருந்தது. புதியதில் அது நீங்கிவிடுவதால், இந்த இடப்பெயர்ச்சியில் தனியுரிமை பெற்றது அந்த உரோசாப்பூ ஒன்றுதான்.

இத்துடன் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை எழுந்திராது. ஆனால் சில நாட்களில் பழைய குழுவில், “அரட்டையில முக்கியமான விசயம் ஒண்ணு போட்டிருக்கேன், எல்லாரும் பாருங்க” என்று ஒரு செய்தி வருகிறது. கொதிக்கும் குழம்பை இறக்கி வைத்துவிட்டும், பாதி மழித்த முகத்தோடும், கடவுச்சொல்லை நினைவுகூர்ந்தும் உறவினர் அங்கே விரைந்தால், “வாட்ஸ்அப்ல போட்ட வீடியோவ எல்லாரும் பாத்தாச்சா?” என்பது அந்த முக்கியமான விசயமாக இருக்கிறது. இந்நிலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அஞ்சலட்டைக்குத் திரும்பலாம் என்று இக்கட்டுரையாளர் கருதியதில் வியப்பில்லை. அறிவிப்பாளருள் ஓசையின்றித் திரும்பி வருவோர், திரும்பியதற்கும் தனி அறிவிப்பு வெளியிடுவோர், இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒன்றின் இணைப்பை அனுப்புவோர் என்ற உட்பிரிவுகளும் உண்டு. மூன்றாம் பிரிவினரைப் பற்றி விரித்துரைக்கக் கட்டுரையாளரின் இரத்த அழுத்தம் இடம் தராது. ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டு நிறுவினால் முதலில் வருவது, “நான் இன்னும் போடல, நீங்க போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்னும் அவர்களது மறுமொழிதான்.

மாற்றைத் தேடுவது இக்கரைக்குப் புதிதன்று. 1952இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப்போக, நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் சாய்ந்தார்கள். அவர்களை மீட்பதற்காகவே 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்க வேண்டியதாயிற்று. கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி ஒலிபரப்பாளர் மயில்வாகனனின் குரல் தெளிவாகக் கேட்ட இராமேசுவரம் பகுதியில் அந்த இடப்பெயர்ச்சி எவ்விதச் சிரமமும் இன்றி நிகழ்ந்தது. வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பியவர் எவரும், நாளை முதல் தாம் திருச்சி நிலையத்தைக் கேட்கப்போவதில்லை என்று அண்டைவீட்டாருக்கு மடல் எழுதவில்லை. ஒருவர் வானொலி நிலையம் மாறினால் அதனால் பிறருக்கு ஆவது ஒன்றுமில்லை. செய்திச் செயலியோ தனியே மாறுவதற்கு இயலாதது. பயன்படுத்துவோர் கூடக்கூட ஒன்றின் பயன் கூடுவதையும், அதனாலேயே அதை விட்டு ஒருவர் மட்டும் விலக முடியாமற் போவதையும் அறிஞர்கள் வலைப்பின்னல் விளைவு என்பார்கள். குடும்பத்தில் அதற்குப் பெயர், “அத்தை அதுலதான இருக்கு” என்பது.

இவ்விளைவை எவ்வித முணுமுணுப்பும் இன்றி வென்றவர்கள் கீழக்கரைப் பெண்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பின் வழியே எழுதலாம், படம் அனுப்பலாம். குரலழைப்பும் காணொளி அழைப்பும் முடக்கப்பட்டிருப்பதால், அங்கு உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளின் வழியாகத்தான் பேச வேண்டும். சவூதி அரேபியா 2017இல் இத்தகைய தடையைத் தளர்த்தியது. ஆகவே துபாயில் வாப்பா, ரியாத்தில் காக்கா என்று, பிழைக்க வெளிநாடு சென்ற சபராளிகள் நிறைந்த ஒரு வீட்டில், யாருக்கு எந்தச் செயலி, எந்த நேரம், எதில் குரல் விட்டுவிட்டு வரும் என்பதையெல்லாம் எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி மனப்பாடமாக வைத்திருப்பதைக் காணலாம். 2020 சூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளுள் வீசாட்டும் இருந்ததால், சீனாவில் சரக்கெடுக்கும் மருமகனுக்கு வேறொரு வழி காணவேண்டி வந்தபோதும் அவர் கண்டார். முன்பு இமோ இருந்தது, இப்போது போட்டிம் இருக்கிறது, நாளை வேறொன்று வரும். பேசவேண்டியவர் குரல் கேட்டால் போதும். இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் அவர் கேட்டவரை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க யாருகிட்ட பேசணும்?” என்பார். செயலிகளைப் பற்றி இக்கரையில் வெளிப்பட்ட கருத்துகளுள் அறிவார்ந்தது அது ஒன்றே என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். அது கருத்தேயன்று, வினா.

விளையாட்டுக் கருவிகளைப் பற்றிய கருத்துகளையும் இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். இராமநாதபுரம் கைப்பேசிக் கடைகளின் வாசலில் பிளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்று மாலைதோறும் நிகழும் விவாதங்களில் பங்கேற்போரிடம் இரண்டும் இருப்பதில்லை. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5இன் விலை 49,990 ரூபாய். அப்பணத்துக்கு ஒரு பழைய இருசக்கர வண்டியே வாங்கலாம் என்பதால் விவாதம் விவாதமாகவே நிலைக்கிறது, கையில் உள்ள கைப்பேசியில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட, அதன் மேக்ஸ் வடிவம் மட்டும் எஞ்சியது எவ்வாறு என்பதை விளக்க வல்லவர்கள் அக்கடை வாசலிலும் இல்லை. முந்திய தலைமுறையினருக்கு இத்தொல்லை கிடையாது. நிண்டெண்டோவின் 1983ஆம் ஆண்டுக் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட பெயரற்ற பெட்டி ஒன்றும், 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்ட மஞ்சள்நிறக் கேசட் ஒன்றும் தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தன. உள்ளே இருந்தவை பத்துப் பதினைந்து ஆட்டங்களே என்பதும், எஞ்சியவை அவற்றின் மறுபிறவிகள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் எவரும் குறைகூறவில்லை.

மென்பொருளிலும் கதை இதுவே. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்தே தரப்பட்டது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள இயங்குதளம், அதாவது கணினியின் பிற பணிகளுக்கெல்லாம் அடித்தளமாக அமையும் மென்பொருள். மடிக்கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று அது பணிவோடு கேட்கும். மாணவர்கள் அதைக் கடைக்காரரிடம் கொண்டுபோய், “அண்ணே, இது எதையோ கேக்குது, கேக்காம பண்ணிக் குடுங்க” என்றார்கள்.

மீண்டும் செய்திச் செயலிகளுக்கு வந்தால், அவை ஒன்றோடொன்று பேசினால் ஒருவர் மட்டும் விலக முடியாத சிக்கல் தீரும் என்பது வேம்பு முன்வைத்த யோசனை. எந்த வங்கியில் கணக்கிருந்தாலும் யுபிஐ வழியே பணம் செல்வது போல, எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் செய்தி செல்ல வேண்டும் என்றார். இது நடவாத காரியமன்று என்பதற்கு இக்கரையே சான்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை இரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், பிறகு கொழும்பு வரை மற்றோர் இரயிலிலும் செல்ல முடிந்தது. இந்தப் பக்கம் மீட்டர் பாதை, அந்தப் பக்கம் அகலப்பாதை. பயணிக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன பிறகுதான் அவ்வழி அறுந்தது. செயலிகளுக்கு இடையில் புயல் எதுவும் அடிக்கவில்லை. உரிமையாளர்களுக்கு மனமில்லை, அவ்வளவே.

மனம் வரும்வரை ஏற்படும் இழப்பை யார் ஈடுசெய்வது என்பதை எந்த அறிவிப்பாளரும் சொல்லவில்லை. அண்மையில் ஓர் உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்கான அழைப்பு பழைய குழுவில் வந்தது. மண்டபம் மாறிய செய்தி புதிய குழுவில் மட்டும் வந்தது. பழைய குழுவை நம்பியவர்கள் பழைய மண்டபத்துக்கே சென்று, அங்கும் ஒரு காதணி விழா நடந்துகொண்டிருந்ததால், பந்தியில் அமர்ந்து உண்டு, மேசைக்குச் சென்று ஊர்ப்பெயரோடு மொய்யும் எழுதினார்கள். குழந்தையின் பெயரைப் பதாகையில் படித்த பிறகே ஐயம் பிறந்தது. செயலியில் தவறாக அனுப்பிய செய்தியை எல்லாருக்கும் நீக்கிவிடலாம்; மொய் நோட்டில் அவ்வசதி கிடையாது. நோட்டை வைத்திருந்தவர் எழுதியதைத் தாமே ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, அந்த வீட்டார் முறைப்படி திருப்பிச் செய்வார்கள் என்று உறுதியளித்து, தகவல் சொல்லிவிட எந்தச் செயலியில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.