காய்ச்சலுக்கு முன் கேளுங்கள்

ஃப்ளூ வெறும் சளிக் காய்ச்சல்தானே? அதற்கு ஏன் இத்தனை பயம்?

முதல் உலகப் போரில் உயிர்விட்ட இந்திய வீரர்கள் சுமார் 74,000 பேர். 1918-19-ல் அந்த 'வெறும்' காய்ச்சல் இந்தியாவில் கொண்டுபோனது ஒரு கோடிக்கும் மேல். இப்போது சொல்லுங்கள், எதற்குப் பயப்படலாம்?

கூட்டத்தைத் தடுத்தால் கொள்ளைநோய் அடங்கிவிடுமா?

பிலடெல்பியாவைக் கேளுங்கள். செப்டம்பர் 28, 1918 அன்று போர்க்கடன் பத்திரம் விற்க ஊர்வலம் நடத்தினார்கள். திரண்டவர்கள் சுமார் 2 லட்சம். சில நாட்களில் மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. செயின்ட் லூயிஸ் நகரமோ பள்ளிகளையும் தியேட்டர்களையும் சீக்கிரமே மூடியது. நோய் உச்சத்தில் இருந்தபோது அங்கே வாராந்தர இறப்பு விகிதம் பிலடெல்பியாவில் இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான்.

போன வருஷம்தான் ஃப்ளூ ஊசி போட்டேன். மறுபடியும் எதற்கு?

நீங்கள் அதே ஆள்தான். வைரஸ் அதே ஆள் இல்லையே! அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

அடுத்த பெரிய ஃப்ளூ எப்போது வரும்? தேதி சொல்லுங்களேன்!

1918, 1957, 1968, 2009. இடைவெளி 39, 11, 41 ஆண்டுகள். இதில் கணக்குப் போட எந்த ஜோசியராலும் முடியாது. 2009-ல் ஏப்ரலில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் ஊசி வந்தது அக்டோபரில். அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது கை கழுவுவதும், சன்னலைத் திறந்துவைப்பதும், காய்ச்சல்காரர் வீட்டில் இருப்பதும்தான். இன்றே பழகுங்கள், காய்ச்சலோடு வேலைக்கு வருபவரை, சம்பளத்தைப் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.